தாய்க்குத் தெரியாத தாய்மொழி



எந்த இன்ஜினியரிங் காலேஜ் ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் ஒரு க்ளவுஸைப் பார்க்காம வெளியே வர முடியாது. அஞ்சு விரலுக்கும் அஞ்சு ஃப்ளெக்ஸ் சென்சார், மணிக்கட்டில் ஒரு ஆர்டுயினோ, பக்கத்தில் ஒரு சின்ன எல்சிடி. விரலை ஒரு மாதிரி மடக்கினா திரையில் 'ஏ' வரும், இன்னொரு மாதிரி மடக்கினா 'பி' வரும். பின்னாடி போஸ்டரில் 'பேச முடியாதவர்களுக்கு ஒரு குரல்'னு கொட்டை எழுத்தில் இருக்கும். பார்க்கிறவங்க கை தட்டிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போயிடுவாங்க.

யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கு. அந்த க்ளவுஸ் எந்த மொழியை மொழிபெயர்க்குது?

"என்னப்பா இது, சைகை மொழியைத்தான்!" என்று நீங்க சொல்லலாம். எந்தச் சைகை மொழி? அமெரிக்காவில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று. ரெண்டு நாட்டிலும் பேச்சுமொழி ஆங்கிலம்தான். ஆனால் அந்த ரெண்டு சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியாது. அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொந்தம் பிரெஞ்சுச் சைகை மொழிதான். 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளிக்கு லோரோன் க்ளெர்க் என்ற காது கேளாத பிரெஞ்சு ஆசிரியர் கொண்டுவந்து சேர்த்த மொழி அது. இந்தியாவில் இந்தியச் சைகை மொழி இருக்கு. அதற்கும் கீழே, யாரும் கணக்கில் எடுக்காத சின்னச் சின்னச் சைகை மொழிகள் இருக்கு. அந்தச் சின்ன மொழிகள் எப்படிப் பிறக்குது, ஏன் சத்தமே இல்லாம அழியுது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

கை மட்டும் பேசாது

முதல்ல அந்த க்ளவுஸை முடிச்சிடுவோம். நம்ம ப்ராஜெக்ட்களில் அதிகம் புழங்கும் 'சைன் எம்னிஸ்ட்' டேட்டாசெட்டை எடுத்துக்கோங்க. அதில் இருப்பது அமெரிக்க விரல் எழுத்துகள். அதிலும் 26 இல்லை, 24 தான். ஜே, இசட் ரெண்டையும் விட்டிருப்பாங்க, ஏன்னா அந்த ரெண்டுக்கும் கை அசையணும், போட்டோவில் அசைவு வராது. அமெரிக்க விரல் எழுத்துக்கு ஒரு கை போதும். இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலான ஆங்கில எழுத்துகளுக்கு ரெண்டு கையும் வேணும். அதனால அந்த ஒற்றைக் கை க்ளவுஸை நம்ம ஊர்ப் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையிடம் கொடுத்தா, அது பேசற மொழியின் பெரும்பாலான எழுத்துகள் அந்த க்ளவுஸுக்குப் புரியாது.

அதைவிடப் பெரிய விஷயம், எழுத்து வேற, மொழி வேற. சைகை மொழியில் புருவம் உயர்ந்தா ஆமாவா இல்லையான்னு கேட்கிற கேள்வி. தலை அசைஞ்சா மறுப்பு. ஒருத்தரைக் காற்றில் இடப்பக்கம் 'வச்சிட்டு', இன்னொருத்தரை வலப்பக்கம் 'வச்சிட்டு', கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகுதோ அதை வச்சு யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு சொல்லிடலாம். நாம வேற்றுமை உருபு போட்டுச் சொல்றதை அவங்க இடத்தை வச்சுச் சொல்றாங்க. இந்தியச் சைகை மொழியில் கேள்விச் சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நம்ம "உன் பேர் என்ன?" மாதிரியே!

2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் ரெண்டு பேர் இதே மாதிரி ஒரு ஜோடி க்ளவுஸுக்கு 10,000 டாலர் பரிசு வாங்கினாங்க. உலகமே பாராட்டியது. ஆனால் மொழியியல் தெரிந்தவர்களும் காது கேளாதவர்களும் இதே ஆட்சேபணையைத்தான் எழுப்பினாங்க: முகத்தையும் உடம்பையும் விட்டுட்டு மொழிபெயர்ப்பு எப்படி வரும்?

சைகை எப்போ மொழி ஆகுது?

மாட்டுச் சந்தை பார்த்திருக்கீங்களா? தரகரும் வாங்க வந்தவரும் ஒரு துண்டைக் கை மேலே போட்டுக்கிட்டு, அதுக்கு அடியில் விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. சுத்தி நிக்கிற யாருக்கும் விலை தெரியாது. அருமையான ஏற்பாடு. ஆனால் அது மொழி இல்லை, ஒரு குறியீடு. விலையைத் தவிர வேற எதையும் அதில் சொல்ல முடியாது. "போன வருஷம் உன்கிட்ட வாங்கின மாடு பால் கறக்கலையே" என்று துண்டுக்கு அடியில் சண்டை போட முடியுமா? முடியாது. எதையும் பேசலாம், நேற்றைப் பேசலாம், பொய் சொல்லலாம், கிண்டல் பண்ணலாம் என்ற நிலை வந்தாதான் மொழி.

அந்த நிலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு படி உண்டு. அதை ஆய்வாளர்கள் வீட்டுச் சைகை என்பார்கள். காது கேளாத ஒரு குழந்தை, காது கேட்கும் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கும் போகாம இருந்தா, வீட்டோடு சேர்ந்து தானே ஒரு சைகை முறையை உண்டாக்கிக்கும்.

எங்க ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமி. எங்க தெருவில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியப்பா இருக்கார். பிறவியிலேயே காது கேட்காது, பள்ளிக்கூடம் போனதில்லை. ஊர்க்காரங்க எல்லாருக்கும் அவர் ஒரு பேர் வச்சிருக்கார். மீசையை முறுக்கிக் காட்டினா ஒருத்தர், நெற்றியில் மூணு விரலை இழுத்தா பூசாரி, காதைத் தொட்டுத் தொங்கட்டான் ஆட்டினா எங்க அப்பத்தா. கண்மாயில் தண்ணி எவ்வளவு கிடக்குன்னு முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தொட்டுக் காட்டுவார். அப்பத்தாவும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கா பேசுவாங்க. யார் வீட்டு ஆடு யார் காட்டில் விழுந்தது, எந்தக் கல்யாணத்தில் என்ன சண்டை, எல்லாமே வரும்.

இப்போ அப்பத்தா இல்லை. அவர் வயசுக்காரங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. எங்க அப்பா தலைமுறைக்கு அவருடைய சைகையில் பாதி தெரியும். எங்க தலைமுறையில் பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கோம். ஊருக்குப் போகிற அன்னைக்கு "சாப்பிட்டாச்சா?", "எப்ப வந்த?", அவ்வளவுதான் எங்களுக்கு வரும். அதுக்கு மேல அவர் ஏதாவது சொன்னா சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு வந்திடுறோம். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய பேச்சைப் புரிஞ்சுக்கிற ஆட்கள் தீர்ந்துக்கிட்டு இருக்காங்க. 'ஊமை கண்ட கனா'ன்னு நம்ம ஆட்கள் சொல்வாங்க, கண்டதைச் சொல்ல முடியாதாம். இங்கே சொல்ல ஆள் இருக்கு. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு ஊரே பேசினால்: அலிப்பூர்

எம்.ரெட்டியபட்டி மாதிரி ஊர்களில் வீட்டுச் சைகை அவரோடு நின்னு போகுது. காரணம், ஒரு ஊருக்கு ஒருத்தர், ரெண்டு பேர்தான். ஒரே ஊரில், பல தலைமுறையாக, நிறைய பேர் காது கேளாமல் பிறந்தா என்ன ஆகும்?

அதுக்குப் பதில் நம்ம பக்கத்து மாநிலத்தில் இருக்கு. பெங்களூருக்கு வடக்கே, கௌரிபிதனூர் தாலுகாவில் அலிப்பூர் என்று ஒரு ஊர். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும். நடுவில் உருது பேசும் ஷியா முஸ்லிம்களின் ஊர். பெரும்பாலும் ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பாங்க. அங்கே காது கேளாதவர்கள் நூறு பேருக்கு மேல். அவங்க பேசுவது இந்தியச் சைகை மொழி இல்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அலிப்பூர் சைகை மொழி.

இதில் மந்திரம் எதுவும் இல்லை, மரபணுக் கணக்குதான். பிறவிச் செவிட்டுத்தன்மைக்குக் காரணமான பல மரபணு மாற்றங்கள் ஒடுங்கு பண்பு கொண்டவை. அப்பாவிடம் ஒரு பிரதி, அம்மாவிடம் ஒரு பிரதி இருந்தா ரெண்டு பேருக்கும் காது நல்லாவே கேட்கும். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காது கேளாமல் போக 4-க்கு 1 வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் நடக்கும்போது ஒரே பிரதி ரெண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்பு கூடும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நமக்கும் புதுசு இல்லையே! 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் சொந்தத்தில் கல்யாணம் செய்த பெண்கள் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

அலிப்பூரின் சிறப்பு, காது கேட்கிறவர்களிலும் நிறைய பேருக்கு அந்த மொழி வரும் என்பதுதான். அண்ணன், அத்தை, பக்கத்து வீடு, கடைக்காரர் என்று எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் பேசுவார். இதைக் கிராமச் சைகை மொழி என்கிறார்கள். காது கேளாத ஆய்வாளரான சிபாஜி பண்டா இந்த மொழியைப் பற்றி எழுதிய கட்டுரை 2012-இல் வெளிவந்தது. அதன் எண்களைப் பற்றிய ஆய்வில் ஒரு ருசியான செய்தி இருக்கு: சில எண்களை அவங்க கழிச்சுச் சொல்றாங்க. ஒரு பெரிய முழு எண்ணைக் காட்டி, அதில் இவ்வளவு குறைவு என்பது மாதிரி. உலகத்தில் பேச்சுமொழிகளிலும் சைகை மொழிகளிலும் இது அபூர்வம். விசித்திரமா தோணுதா? 'தொண்ணூறு' என்ற சொல்லை ஒரு தடவை மெதுவா சொல்லிப் பாருங்க. 90-ஐச் சொல்லும் சொல்லுக்குள்ளே நூறு எப்படி வந்து உட்கார்ந்தது?

ஒரு சின்ன ஊரின் மொழி அழிஞ்சா இதெல்லாம்தான் போகும். மனித மூளை எண்களை எத்தனை விதமா அடுக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரு சாட்சி போகும்.

எப்படி அழியுது?

அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் இதே மாதிரி ஒரு மொழி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். மீனவர்கள், விவசாயிகள் என்று கேட்கிறவங்களும் சைகை பேசினாங்க. பிறகு பிள்ளைகள் வெளியூர்ப் பள்ளிக்குப் போனாங்க, அங்கேயே கல்யாணம் செய்தாங்க, வெளியாட்கள் தீவுக்கு வந்தாங்க. காது கேளாமல் பிறப்பது குறைந்தது. 1952-இல் அந்த மொழியைப் பிறவியிலேயே பெற்ற கடைசிக் காது கேளாதவர் இறந்தார். அதோடு முடிந்தது.

கனடாவின் வடக்கே, பனி பூமியான நுனாவுட்டில் இப்போ அதே கதை நடக்குது. இனுயிட் மக்களுக்கென்று ஒரு சைகை மொழி உண்டு. சின்னச் சின்ன ஊர்கள், ஊருக்கு ஊர் விமானத்தில்தான் போகணும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் போட்ட கணக்கில், அங்கே சுமார் 150 காது கேளாதவர்கள். அவர்களில் இந்த மொழியைப் பேசியவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. படிப்புக்காகத் தெற்கே அனுப்பப்பட்ட பிள்ளைகள் அமெரிக்கச் சைகை மொழியோடு திரும்பினாங்க. இந்த மொழி இருப்பதே வெளியுலகத்தின் கவனத்துக்கு வந்தது, 1990-களின் கடைசியில் காது கேளாத ஒருவர் நீதிமன்றத்தில் நின்றபோதுதான். அவர் பேசுவதை மொழிபெயர்க்க ஆள் வேணுமே! 2019-இல் கனடா கொண்டுவந்த சட்டம் பழங்குடியினரின் சைகை மொழிகளையும் அங்கீகரித்தது.

அலிப்பூரிலும் இப்போ அப்படித்தான். படிச்ச இளைஞர்கள் வழியாக இந்தியச் சைகை மொழி ஊருக்குள் வருது. அது பெரிய மொழி, வேலை தரும் மொழி. பழைய சைகைகள் 'பெரியவங்க சைகை' ஆகுது. ஆங்கில மீடியத்தில் படிச்ச எனக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கு!

பேச்சுமொழிக்கும் சைகை மொழிக்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம். தமிழ் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறாங்க. அவர்களுடைய தாய்மொழி தாய்க்கே தெரியாது. அக்கம்பக்கத்திலிருந்தோ பள்ளித் தோழர்களிடமிருந்தோதான் அது வரணும். அக்கம்பக்கம் கலைஞ்சா மொழியும் கலைஞ்சிடும். அதனால்தான் இந்த மொழிகள் ரெண்டே தலைமுறையில் காணாம போயிடுது.

கணக்கிலும் இவை வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று எண்ணினாங்க. காது எத்தனை பேருக்குக் கேட்கலைன்னு எண்ணியாச்சு, அவங்க என்ன மொழி பேசறாங்கன்னு மொழிப் பட்டியலில் இல்லை. பேச்சுமொழியிலேயே 10,000 பேருக்குக் குறைவா பேசினா பட்டியலில் தனிப் பெயர் கிடைக்காது. அலிப்பூர் எங்கே வரும்?

அப்போ பெரிய மொழி வேணாமா?

கண்டிப்பா வேணும். இதில் குழப்பமே கூடாது.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. சைகை வேண்டாம், உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்குங்கள் என்று தீர்மானம் போட்டாங்க. அதன் நிழல் உலகம் முழுக்க விழுந்தது. நம் நாட்டிலும் பல பள்ளிகளில் வகுப்பறைக்குள் வாய்ப்பேச்சுப் பயிற்சிதான், சைகை வெளியே விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும்தான் வளர்ந்தது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் அந்தப் பழைய தீர்மானங்களை நிராகரித்தது. 130 வருஷம்!

பள்ளிகள் இல்லாம இந்தியச் சைகை மொழியே இல்லை. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் 1890-களில் தொடங்கிய பள்ளி தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பல தலைமுறைக்கு ஒருவரை ஒருவர் கண்டுபிடிச்ச இடம். ஒத்தையா இருந்த வீட்டுச் சைகைகள் ஒண்ணு கூடினாதான் மொழி பெருகும். 2015-இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களானது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, இந்தியச் சைகை மொழி பெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். பொது மொழி இல்லாம இது நடந்திருக்குமா?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமா பொருத்துறாங்க. அதையும் வேணாம்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு மொழியைக் காப்பாத்த ஒரு குழந்தை காது கேளாம இருக்கணும்னு கேட்கிறது நியாயமே இல்லை.

நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். புது வீட்டுக்குக் குடி போறோம், சரி. பழைய வீட்டில் என்ன இருந்ததுன்னு ஒரு தடவையாவது பார்த்து எழுதி வச்சுட்டுப் போகலாம் இல்லையா? சென்னைத் தமிழ் வந்ததுக்காக கரிசல்காட்டுச் சொற்களைச் சேர்த்து அகராதி போட்ட கி.ரா.வை யாரும் வேலையத்தவர்னு சொல்லலையே!

நாம என்ன செய்யலாம்?

நாம இன்ஜினியர்கள். நம்மகிட்ட உள்ள பவர் டேட்டாசெட்தான். 2020-இல் சென்னை ஐஐடி குழுவினர் 'இன்க்ளூட்' என்று இந்தியச் சைகை மொழிக்கு ஒரு டேட்டாசெட் வெளியிட்டாங்க. 263 சொற்கள், 4,287 வீடியோக்கள். அடுத்த ப்ராஜெக்டுக்கு அதிலிருந்து தொடங்கலாம். க்ளவுஸுக்குப் பதிலா கேமரா வைங்க. மீடியாபைப் மாதிரியான கருவிகள் கையோடு முகத்தையும் தோளையும் சேர்த்தே பிடிக்கும். முக்கியமா, காது கேளாத ஒருவர் டெஸ்டரா மட்டும் இல்லாம டீமிலேயே இருக்கட்டும். அவருக்கு என்ன வேணும்னு அவர் சொல்லட்டும். பல நேரம் அவங்க கேட்பது, நாம ரெண்டு சைகை கத்துக்கணும் என்பதாகத்தான் இருக்கும்.

ரெண்டாவது, ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டியது. உங்க ஊரிலும் அப்படி ஒரு பெரியப்பாவோ சித்தியோ கட்டாயம் இருப்பாங்க. 'ஊமை'ன்னு கூப்பிடுறதை முதல்ல நிறுத்துங்க, அவங்க பேசறாங்க. அவங்களோடு அதிகம் பேசிப் பழகின, காது கேட்கும் ஒருத்தரை, பெரும்பாலும் ஒரு வயசான அம்மாவை, பக்கத்தில் உட்கார வைங்க. வீடியோ எடுக்கலாமான்னு அவங்ககிட்டயே கேளுங்க. வேணாம்னா விட்டுடுங்க. சரின்னா போனை ஸ்டாண்டில் வச்சு, தலையிலிருந்து இடுப்பு வரை தெரியற மாதிரி, வெளிச்சம் முகத்தில் விழற மாதிரி எடுங்க. சொல் சொல்லா கேட்காதீங்க. "போன மழைக்கு என்ன ஆச்சு?"ன்னு கதை கேளுங்க. பிறகு எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம்னு அந்த அம்மாவைக் கேட்டு எழுதுங்க. வீடியோவோடு நொடிக்கு நொடி குறிப்பு சேர்க்க 'ஈலான்' என்ற இலவச மென்பொருள் இருக்கு. உலகம் முழுக்கச் சைகை மொழி ஆய்வாளர்கள் அதைத்தான் பயன்படுத்துறாங்க. அவங்க சம்மதம் இல்லாம நெட்டில் போட்டு லைக் வாங்காதீங்க, அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

செப்டம்பர் 23 உலகச் சைகை மொழிகள் தினம். 'மொழிகள்' என்று பன்மையில்தான் ஐ.நா. பேர் வச்சிருக்கு. அன்னைக்கு ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி, உங்க தெருவில் அப்படி ஒரு மொழியை யார் பேசறாங்க, அவங்களோடு பேச இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்காங்கன்னு ஒரு கணக்கு எடுத்துப் பாருங்க. விரல் விட்டு எண்ணிடலாம். அந்தக் கணக்கில் உங்களையும் ஒருத்தரா சேர்க்க முடிஞ்சா, இந்த லீவுக்கு அது போதும்.